புண்ணில் எடுத்த புழுக்களைக் கொட்டிவிடாதீர்கள்: திருகோணமலை மாவட்டக் கால்நடை வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், சேருவில எனப் பட்டிமாடும் எருமையும் நிறைந்த இம்மாவட்டத்தில், புழு வைத்த புண்ணைக் காணாத மாட்டுக்காரர் இல்லை. உண்ணி கடித்த இடம், குறி சுட்ட காயம், முள்ளுக்கம்பி கீறிய தோல், பிறந்த கன்றின் ஈரம் காயாத தொப்புள் என எதுவும் ஈக்குப் போதும். நீங்கள் அப்புண்களை இடுக்கியால் துப்புரவாக்கி, மருந்திட்டு, எத்தனையோ உயிர்களை மீட்டுத் தருகிறீர்கள். என் வேண்டுகோள் வெளியே எடுக்கப்படும் புழுக்களைப் பற்றியது. அவற்றில் ஒரு பங்கையாவது முறைப்படி சேமித்து, எந்த ஈயின் குடம்பி (புழுப் பருவம்) என்று கண்டறியச் செய்யுங்கள்.

புண்ணில் நெளிவன எல்லாம் ஓரின ஈயின் குடம்பிகள் அல்ல. கிரைசோமியா மெகாசெபலா போன்ற ஈக்களின் குடம்பிகள் பெரும்பாலும் அழுகியதையே நாடும். இலங்கை உட்பட ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் காணப்படும் கிரைசோமியா பெசியானா என்னும் ஈயின் குடம்பியோ, உயிருள்ள தசையைத் தின்றே வளர்வது. காயத்தின் விளிம்பில் அந்த ஈ ஒரு தடவைக்கு ஏறக்குறைய 150 முதல் 200 முட்டைகள் இடும். ஒரு நாளுக்குள் பொரிக்கும் குடம்பிகள், தலையை உள்ளே புதைத்து ஐந்து முதல் ஏழு நாள் வரை தசையைத் துளைத்துத் தின்றபின், மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். ஆகவே முதிர்ந்த குடம்பியை உயிரோடு பட்டித் தரையில் போடுவது, அடுத்த தலைமுறை ஈயை நாமே வளர்த்துவிடுவதாகும். இதை மாட்டுக்காரருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனங்காண்பதற்கு, குடம்பியின் பின்முனையிலுள்ள சுவாசத் துளைகளையும் உடலைச் சுற்றிய முள் வளையங்களையும் நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். ஆனால் உயிருள்ள குடம்பியை நேரே எதனோலில் போட்டால், அது சுருங்கிக் கருத்து, பார்க்க வேண்டிய உறுப்புகளே தெளிவின்றிப் போகும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் சிறிது நேரம் இட்டுக் கொன்ற பின்பே, 80 சதவீத எதனோலில் இட வேண்டும். புண்ணின் ஓரத்தில் பிந்தி வந்த வேறினங்கள் இருக்கக்கூடுமாதலால், மாதிரி ஆழத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். குப்பியில் திகதி, ஊர், விலங்கு, புண் இருந்த இடம் ஆகிய நான்கும் எழுதப்படாவிட்டால், அம்மாதிரியால் பெரும்பயன் இல்லை.

இனமறிவது வெறும் ஏட்டறிவு அன்று. அமெரிக்கக் கண்டத்துக்குரிய, பெசியானாவைப் போலவே குடம்பிப் பருவத்தில் உயிருள்ள தசையைத் தின்னும் திருகுப்புழு ஈ 1988இல் லிபியாவில் கண்டறியப்பட்டபோது, கதிர்வீச்சால் மலடாக்கிய அதே இன ஈக்களை மெக்சிக்கோவிலிருந்து கொண்டுவந்து பெருந்தொகையாக விட்டு, 1991க்குள் அதை ஒழித்தார்கள். பெண் ஈ பொதுவாக ஒரு தடவையே புணர்வதால், மலட்டு ஆணோடு கூடியபின் அதன் முட்டைகள் பொரியா; அதனால்தான் அது கைகூடிற்று. இனம் பிழைத்திருந்தால் அந்த உழைப்பெல்லாம் வீணாகியிருக்கும். கப்பல்கள் வந்து போகும் துறைமுக மாவட்டமாகிய நமக்கு, நம் மண்ணில் உள்ளது எது, புதிதாக வந்தது எது என்று பிரித்தறியும் பதிவு கட்டாயம் வேண்டும்.

திருகோணமலை நகரின் பிரட்ரிக் கோட்டையில் திரியும் புள்ளிமான்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொம்பு மோதியோ வாகனம் இடித்தோ காயப்படும் அவற்றைப் பட்டிமாட்டைப் போலப் பிடித்துக் கட்டிப் பார்க்க ஆளில்லை. வனசீவராசிகள் திணைக்களத்தினர் சிகிச்சைக்கு வரும்போதே, மாதிரியும் எடுக்க ஒழுங்கு செய்யலாம்.

மாதிரிகளை ஆராயக் கன்னொறுவைக் கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்தையும் பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தையும் நாடலாம். விலங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில், குப்பிகளைத் தயாரிக்கவும், விபரங்களைப் பதிந்து பேணவும் என் மாணவர்களுடன் ஆயத்தமாக இருக்கிறேன். வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர், ஓர் அலுவலகத்திலாவது இதைத் தொடங்க அனுமதி தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
மூதூர் மாட்டுக்காரக் குடும்பத்தில் பிறந்த ஓர் ஆசிரியன்