சைக்கிள் பயணத்தில் இரவு தங்க: கூரை வேறு, கொசுவலை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை விட்டால், மலேசியாவில் நம் பேராக் மாநிலத்து பீடோர், தாப்பா, சிலிம் ரிவர் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து சைக்கிளில் லாத்தா கிஞ்சாங் அருவிக்கோ குவாலா வோ ஆற்றோரத்துக்கோ போய் ஓர் இரவு தங்கிவிட்டு வருகிறார்கள். நல்ல பழக்கம், வளரட்டும். ஆனால் அவர்கள் கட்டிக்கொண்டு போகும் கூடாரங்களைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பேரங்காடிகளில் மலிவாகக் கிடைக்கும் இருவர் கூடாரம் இரண்டு முதல் மூன்று கிலோ எடை. எடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மடித்தாலும் அதன் பைபர் கம்புகள் ஐம்பது, அறுபது சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வளைந்த ஹேண்டில் கொண்ட ரோடு சைக்கிளில் ஹேண்டிலின் அகலமே நாற்பது சென்டிமீட்டர் சொச்சம்தான். எனவே கம்புகளைக் குறுக்கே வைக்க இடமில்லாமல் முதுகில் மாட்டிக்கொள்கிறார்கள்; முப்பது கிலோமீட்டர் தாண்டுவதற்குள் தோளும் இடுப்பும் போய்விடும். தங்கிய இடத்தில் அடுத்த தொல்லை. மழைக்குப் பயந்து ஜிப்பை மூடினால் மூச்சுக்காற்றின் ஈரமும் வியர்வையும் ஒற்றைத் துணிச் சுவரில் படிந்து விடியற்காலையில் சொட்டும். பலர் கூடாரம் ஒழுகுகிறது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். அது உள்ளேயே உருவான தண்ணீர்.

இன்னும் சிலர் யூடியூபைப் பார்த்து 'பைவி' பை, அதாவது ஒருவர் உள்ளே நுழைந்து படுக்கும் மழைத்துணிப் பை வாங்குகிறார்கள். அரைக் கிலோதான், உருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவு. குளிர் நாட்டுக்கு அருமையான பொருள், நம் சமவெளிக்கு ஆகாது. அந்தத் துணி ஈரத்தை வெளியே விட வேண்டுமானால் உள்ளே இருக்கும் ஆவியின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே நள்ளிரவிலும் 23, 24 டிகிரி. காற்றோ ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. ஈரம் எங்கே போகும்? படுத்தவர் வியர்வையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

நம் ஊருக்குத் தேவை இரண்டே பொருள்: மழையைத் தடுக்கும் ஒரு கூரை, கொசுவைத் தடுக்கும் ஒரு வலை. இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். அப்போதுதான் நான்கு பக்கமும் காற்று ஓடும். மழையில்லாத இரவில் கூரையைச் சுருட்டி வைத்துவிட்டு வலையை மட்டும் கட்டலாம்.

கூரைக்கு மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் தார்ப்பாய் எடுங்கள். சிலிக்கான் பூசிய நைலான் என்றால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பாலியெஸ்டர் பிளைஷீட் (மழை விரிப்பு) என்றால் ஒரு கிலோவை ஒட்டி. நீர்த்தடை அளவு (துணி ஒழுகாமல் தாங்கும் நீர்மட்டத்தின் உயரம்) 2000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஹார்ட்வேர் கடை நீலக் கன்வாஸ் மழையைத் தாங்கும், ஆனால் கனம், மடித்தாலும் அடங்காது. நைலான் நனைந்தால் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டியது மழை தொடங்கிய பத்து நிமிடத்தில் தொய்ந்து, நடுவில் குளமாகத் தண்ணீர் தேங்கும். எழுந்து கயிறுகளை மறுபடி இழுக்கத்தான் வேண்டும், இதில் சோம்பல் கூடாது.

மரம் இல்லாத இடத்தில் சைக்கிளே கம்பம். சீட்டின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். கூரையின் முகடும் அந்த உயரத்தில் இருந்தால் போதும். சைக்கிளை முகட்டுக்குக் குறுக்காக நிறுத்தி, முன் பிரேக்கை ரப்பர் வளையத்தால் இறுக்கிப் பிடித்த நிலையில் கட்டுங்கள். முன்சக்கரம் திரும்பாதபடி அதை பிரேமோடு சேர்த்து ஒரு பட்டி போடுங்கள். முகட்டுக் கயிற்றைச் சீட்டுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, வெளிப்பக்கம் 'வி' வடிவில் இரண்டு முளைகளுக்கு இழுத்துக் கட்டினால் சைக்கிள் எந்தப் பக்கமும் சாயாது. மறுமுனைக்கு ஒரு மூங்கில் கழியோ நண்பரின் சைக்கிளோ போதும். இப்படிக் கட்டினால் உள்ளே இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் அகலம் கிடைக்கும், இருவர் தாராளமாகப் படுக்கலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவதை நாங்கள் சொல்வதில்லை. ஹைட்ராலிக் பிரேக் உள்ள சைக்கிளில் அந்த நிலையில் பிரேக்கை அழுத்தினால் குழாயில் காற்று புகுந்து, காலையில் பிரேக் பிடிக்காமல் போகலாம். கீழே விரிக்கும் பாய் கூரையின் விளிம்பைத் தாண்டி ஒரு விரலும் நீளக் கூடாது. நீட்டிய பாய் கூரையிலிருந்து வழியும் தண்ணீரை நேராகப் படுக்கைக்கு அடியில் கொண்டுவந்துவிடும்.

மரம் இருந்தால், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தொங்குபடுக்கையான ஹேமக் சுகமானது. நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு மரம் வேண்டும். ஹேமக்கை மரத்தில் கட்டும் பட்டி இரண்டரை சென்டிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். நைலான் வேண்டாம், பாலியெஸ்டர் நீளாது. பட்டி கிடைமட்டத்திலிருந்து முப்பது டிகிரி சரிவில் இறங்க வேண்டும். அந்தச் சரிவில் ஒவ்வொரு பட்டியும் தாங்குவது உங்கள் எடை அளவுதான். 'தொங்காமல் நேராக இருக்கட்டும்' என்று பதினைந்து டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் இழுவிசை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும், நடு இரவில் தையல் விடுவது இதனால்தான். மழை நீர் மரத்திலிருந்து பட்டி வழியாக ஓடிவந்து ஹேமக்கில் இறங்கும். அதைத் தடுக்கக் கூரைக்கு உள்பக்கம், பட்டியின்மேல் ஒரு ஷூ கயிற்றைக் கட்டி நுனியைத் தொங்கவிடுங்கள். தண்ணீர் அந்த நுனியில் சொட்டிவிடும். முதுகுப் பக்கம் ஒற்றைத் துணியாக இருந்தால் கொசு அதன் வழியாகவே கடிக்கும். மெல்லிய போம் பாய் ஒன்றை அடியில் போட்டால் கொசுவும் கடிக்காது, விடியற்காலை நான்கு மணிக்கு முதுகில் ஏறும் குளிரும் தெரியாது. கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பாய் கட்டாயம்.

இடத் தேர்வில்தான் அதிகத் தவறு நடக்கிறது. செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். மட்டையும் குலையும் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது, மட்டையின் அடியில் முள். உதிர்ந்த பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர் இடைவெளி என்பதால் ஹேமக்கும் கட்ட முடியாது. பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) பால் வெட்டும் பட்டைப் பகுதியில் பட்டி சுற்றுவது தோட்டத்துக்குச் செய்யும் துரோகம். விடியுமுன் வெட்டுக்கு வருகிறவர்களின் வழியையும் மறிக்கக் கூடாது.

ஆற்றோரத்தில் 'கெப்பாலா ஆயர்' என்னும் திடீர் வெள்ளத்தை நினைவில் வையுங்கள். தலைக்குமேல் நட்சத்திரம் தெரியும்போதே மலையில் பெய்த மழை இறங்கி வரும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் சாமான்களைப் பார்க்காமல் மேலே ஏறுங்கள். படுக்கும் இடம் முந்தைய வெள்ளத்தின் குப்பை புதரில் தொங்கும் மட்டத்தைவிட நன்றாக உயரத்தில் இருக்க வேண்டும்.

மே முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்றும் மழையும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் கூரையின் தாழ்ந்த பக்கத்தை மேற்கு நோக்கிக் கட்டுங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் இடிமழை பெரும்பாலும் மாலையிலேயே வந்துவிடும், ஆகவே சமையலுக்கு முன் கூரை. தார்ப்பாயைச் சாமான்களுக்கு எல்லாம் மேலாகக் கட்டி வைப்பதும் இதற்காகத்தான். வீடு திரும்பியதும் நிழலில் உலர்த்துங்கள். பாலியூரித்தேன் பூச்சுள்ள துணி ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் பூச்சு பிசுபிசுத்து, நாற்றமெடுத்து, உரிந்து போகும். பிறகு அது ஒழுகத்தான் செய்யும்.

தோட்டக் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வந்து கேட்டால் மண்டபத்தில் ஓர் ஓரம் கொடுங்கள். கூரை இருப்பதால் அவர்களுக்கு வலை மட்டும் போதும். தூணில் ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். பெயரையும் பெற்றோர் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அசைவம் கூடாது, பூசைக்கு முன் இடத்தைக் கூட்டிவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழாயடி, கழிவறை, ஒரு விளக்கு இருந்தால் அவர்கள் வேறெதுவும் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பயண நண்பர்கள்,
பீடோர், பேராக்