வாகைகுளத்துக்கும் பெருங்குடிக்கும் நடுவே ஒரு பஸ்

தென் மாவட்டங்களின் விமான நிலையங்களையும் பஸ் தடங்களையும் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்திலிருந்து மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடிக்கு நேர்கோட்டில் அளந்தால் 120 கிலோமீட்டர் சொச்சம். ஏறக்குறைய நேர் வடக்கு. எட்டயபுரம், பந்தல்குடி, அருப்புக்கோட்டை, காரியாபட்டி என்று சாலை வழியாக வந்தாலும் 150 கிலோமீட்டர்தான். காரில் இரண்டரை மணி நேரம். எனக்குப் போன ஐப்பசியில் ஏழு மணி நேரம் ஆனது.

சென்னையிலிருந்து வந்த விமானம் தூத்துக்குடி மழையில் இறங்க முடியாமல் மதுரைக்குத் திரும்பியது. அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். இரவு 7 மணிக்கு மதுரையில் இறங்கினோம். தூத்துக்குடிக்கு வேன் வரும் என்றார்கள், பிறகு வராது என்றார்கள். டாக்சிக்காரர் கேட்ட தொகை விமான டிக்கெட்டை நெருங்கியது. நானும், பேத்தியின் காதுகுத்துக்காகப் பித்தளைக் குத்துவிளக்கைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த திருச்செந்தூர்க்காரர் ஒருவரும் ஆட்டோ பிடித்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டேலா நகர் சந்திப்புக்குப் போனோம்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பஸ்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. போகின்றன, நிற்பதில்லை. மூன்று பஸ்கள் எங்கள் மேல் சேற்றை வாரிவிட்டுப் போயின. நான்காவது நின்றது. நடத்துநர் மாட்டுத்தாவணியிலிருந்து டிக்கெட் கிழித்தார். "இங்கே ஸ்டேஜ் கிடையாது சார்" என்றார், அதாவது டிக்கெட் கணக்குத் தொடங்கும் நிறுத்தம் இல்லை. "அண்ணாச்சி, சென்னையிலிருந்து வந்தது பயணமே இல்லை, இனிமேல்தான் பயணம்" என்று விளக்கை மடியில் வைத்துக்கொண்டார் திருச்செந்தூர்க்காரர்.

தூத்துக்குடி வந்தபோது மணி ஒன்றை நெருங்கிவிட்டது. என் பைக் நின்றதோ வாகைகுளத்தில். நெல்லை பஸ்ஸுக்குக் காத்திருந்து, அங்கே போய்ச் சேர இரண்டு மணி.

இரண்டு ஊருக்கும் நடுவே விமானம் விடுங்கள் என்று கேட்கவில்லை. பெல்ட்டை மாட்டுவதற்குள் கழற்றச் சொல்வார்கள். வான்வழியே சென்னை போய்த் திரும்புவதென்றால் 900 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கூத்தும் வேண்டாம்.

வாகைகுளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறீர்கள். சுமார் 450 கோடி ரூபாய் செலவில் கட்டிய புது முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். பெரிய விமானங்கள் வரட்டும். ஆனால் மழை அப்போதும் பெய்யும். மழை இல்லாத நாளிலும் இங்கே நேரம் ஒத்துவராதவர்கள் மதுரைக்குத்தான் ஓடுகிறார்கள்.

நான் கேட்பதற்குக் கோடி தேவையில்லை. தூத்துக்குடி பஸ்கள் எல்லாம் மண்டேலா நகரில் நின்று ஏற்ற வேண்டும், அங்கே ஒரு ஸ்டேஜ் வேண்டும். காலையிலும் மாலையிலும் ஒரு பஸ்ஸாவது இரண்டு முனையங்களின் வாசலையும் தொட்டுப் போகட்டும். அதன் நேரத்தைப் பெட்டி எடுக்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். அங்கேதான் எல்லோரும் சும்மா நிற்கிறோம்.

ஏறாத ஊரிலிருந்து வாங்கிய அந்த டிக்கெட் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. கேட்டால் நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடிப் பயணி ஒருவன்