கண்ணைப் பார்க்கச் சொல்லி அதட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு,

பள்ளி திறந்துவிட்டது. நீலகிரி வகுப்பறைகளில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் 'என் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லு' என்ற அதட்டலும் தொடங்கிவிட்டது. தாடையைப் பிடித்து நிமிர்த்துவோரும் உண்டு. பிள்ளை கண்ணைத் தவிர்ப்பதை அவர்கள் அடக்கமின்மையாக நினைக்கிறார்கள். அது மூளை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி.

முகம் ஒன்று கண்ணில் பட்டு ஏறத்தாழ 170 மில்லி விநாடியில் மூளை அதை முகமென்று பிரித்துவிடுகிறது. ஆட்டிசத்தில் இந்தச் சமிக்ஞை சற்றுத் தாமதமாகிறது. ஆளை அடையாளம் காண்பதில் மூளையின் அடிப்பக்கத்து ஃபியூசிஃபார்ம் மடிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பாதாம்பருப்பு வடிவ அமிக்டலா, பார்ப்பது ஆபத்தா என்று எடைபோடுகிறது. 2000 வாக்கில் வந்த ஸ்கேன் ஆய்வுகளில் ஆட்டிசம் உள்ளவர்களின் ஃபியூசிஃபார்ம் மந்தமாகத் தெரிந்தது. 'முகம் பார்க்கும் பகுதியே பழுது' என்ற பேச்சு அப்போது பரவியது. 2005-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு, ஸ்கேனுக்குள்ளேயே பார்வை எங்கே போகிறது என்றும் அளந்தது. கண் பகுதியை அதிக நேரம் பார்த்தவர்களுக்கு ஃபியூசிஃபார்மும் அதிகமாக வேலை செய்தது. ஆனால் பார்க்கப் பார்க்க அமிக்டலாவும் கூடவே எகிறியது. பார்வையைக் கண்களிலேயே நிறுத்தவைத்த 2017 ஆய்விலும், மூளையின் ஆழ்பகுதிகள் அளவுக்கு மீறிக் கிளர்ந்தன. தாடையைப் பிடிக்கும்போது நடப்பது இதுதான்: பிள்ளையின் கவனமெல்லாம் அந்தப் பார்வையைத் தாங்குவதிலேயே செலவாகிறது, நீங்கள் கேட்ட கேள்வி காதோடு நின்றுவிடுகிறது.

கண்ணைத் தவிர்க்கும் பலர் வாயைப் பார்த்துச் சேதி எடுக்கிறார்கள். நம் ஊர்க் குளிரில் அந்த வாயைத்தான் மஃப்ளரால் மூடிக்கொண்டு பாடம் நடத்துகிறோம்! பேசும்போது அதைத் தாடைக்குக் கீழே இறக்குங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். மூடுபனி வெளிச்சத்தில் முகம் இருண்டுவிடும். நேரெதிரே அல்லாமல் பக்கவாட்டில், பிள்ளையின் உயரத்துக்கு உட்காருங்கள். ஒரே வாக்கியம் சொல்லுங்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பொறுமையிழந்து கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்டால், பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உணர்ச்சிப் பட அட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்லைக் காட்டும் சிரிப்பு, நெரித்த புருவம் என்று ஆறு அட்டையையும் சரியாகப் பொருத்தும் பிள்ளை, அம்மாவின் அலுப்பை அறியாமல் திகைக்கும். நிஜ முகபாவம் சட்டென்று கலைவது. ஒன்றோடொன்று கலந்தும் வருவது. வீட்டார் முகங்களையே செல்போனில் வீடியோ எடுத்து, வேகத்தைப் பாதியாக்கிக் காட்டுங்கள். சிலருக்கு இது நன்றாகவே உதவுகிறது.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தம் சொந்த உணர்ச்சிக்கே பெயர் சொல்வது கடினம். இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். பிறர் முகபாவத்தைப் படிப்பதில் வரும் தடுமாற்றத்துக்கு ஆட்டிசத்தைவிட இதுவே காரணம் என்று 2013 ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது சொந்த உடம்பின் அடையாளங்களை: வயிறு பிசைவது, நெஞ்சு படபடப்பது. கை சில்லிடுவதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஊட்டியில் அது யாருக்கும் பயத்தின் அடையாளம் ஆகாது. சொற்கள் வீட்டு மொழியில், படுகர் மொழியோ இருளர் மொழியோ எதுவானாலும் அதில், இருக்கட்டும்.

திட்டும்போது பிள்ளை சிரித்தால் திமிர் என்கிறோம். பெரும்பாலும் அது பதற்றம். அவர்கள் நம் முகத்தைத் தவறாகப் படிப்பதுபோல நாமும் அவர்கள் முகத்தைத் தவறாகவே படிக்கிறோம். ஆட்டிசம் உள்ளவர்களைக் குறிக்க 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று அரசுப் படிவங்களில் வழங்கும் சொல்லும் அப்படியொரு தவறான வாசிப்புதான்.

வட்டார வள மையங்கள் பொது ஆசிரியர்களுக்கான பயிற்சியில் இதற்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். தனிநபர் கல்வித் திட்டத்தில் '5 விநாடி கண்ணோடு கண் பார்ப்பான்' என்ற இலக்கை அடித்துவிட்டு, 'அழைத்தால் குரலாலோ கையாலோ பதில் காட்டுவான்' என்று எழுதலாம்.

இப்படிக்கு,
சிறப்புப் பயிற்றுநர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்