டயர் தேஞ்ச விமானம் எந்தக் கம்பெனியோடது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்துல 260 பேர் போனாங்க, அது நடந்து பன்னெண்டு நாள்ல டி.ஜி.சி.ஏ. (விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு) ஒரு அறிக்கை விட்டுச்சு. டெல்லி, மும்பை மாதிரி பெரிய ஏர்போர்ட்ல ராத்திரி நேரத்துலயும் விடியக்காலையிலயும் போய் சோதனை போட்டாங்களாம். ஒரு உள்நாட்டு விமானத்துல டயர் தேஞ்சு கிடந்து, நிறுத்தி வச்சு சரி பண்ணப்புறம்தான் விட்டிருக்காங்க. சரி பண்ணிட்டோம்னு சொன்ன ஸ்னாக், அதாவது கோளாறு, அதே விமானத்துல திரும்பத் திரும்ப வந்திருக்கு, சில கோளாறை டெக் லாக்ல (விமானத்தோட கோளாறு எழுதுற நோட்டுல) எழுதவே இல்ல, சீட்டுக்கு அடியில லைஃப் ஜாக்கெட் ஒழுங்கா மாட்டல. இவ்வளவும் சொன்ன அறிக்கைல எந்த ஏர்லைன்ஸ்னு ஒரு பேரு கூட இல்ல! நான் எழுத வந்ததே இதுக்குத்தான்.

அகமதாபாத் விபத்துக்கு மெயின்டெனன்ஸ்தான் காரணம்னு நான் சொல்ல வரல, அதை விசாரிக்கிறவங்க சொல்லட்டும். என் கேள்வி வேற. சோதனை பண்றது கவர்மென்ட், சம்பளம் நம்ம வரிப்பணம், ஏறி உக்காரப் போறதும் நாமதான், ஆனா ரிசல்ட் மட்டும் நமக்குத் தெரியக்கூடாதுன்னா என்ன நியாயம் சார்? ஹோட்டல்ல கெட்டுப்போன கறி புடிச்சா போர்டு தெரியற மாதிரி டிவில காட்டுறாங்கல்ல.

இன்னொன்னு பாருங்க. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோட ஒரு ஏர்பஸ் ஏ320 விமானத்துல ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு ஏஜென்சி மாத்தச் சொன்ன எஞ்சின் பார்ட்ஸை டைமுக்கு மாத்தல, மாத்தின மாதிரி ரெக்கார்டைத் திருத்தியிருக்காங்கன்னு டி.ஜி.சி.ஏ.வே கண்டுபுடிச்சு 2025 மார்ச்ல கண்டிச்சிருக்கு. கம்பெனியும் தப்பை ஒத்துக்கிட்டு சரி பண்ணிட்டோம்னு சொல்லுச்சு. ஆனா இந்த விஷயம் நமக்கு எப்பத் தெரிஞ்சுது? ஜூலைல, அதுவும் ராய்ட்டர்ஸ்காரங்க செய்தி போட்டதால. நடுவுல நாலு மாசம் திருச்சிலேருந்து மட்டும் எத்தனை குடும்பம் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயிட்டு வந்திருக்கும். எங்க ஊர் ஆளுங்களுக்கு அந்தக் கம்பெனி விமானம் டவுன் பஸ் மாதிரி, வேணாம்னு சொல்ல பெருசா வேற வழியும் கிடையாது. 2024 அக்டோபர் 11 சாயந்திரம் திருச்சிலேருந்து சார்ஜாவுக்குக் கிளம்பின அவங்க விமானம் ஹைட்ராலிக் கோளாறுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல எங்க தலைக்கு மேலயே சுத்திச்சு, 141 பேரையும் பைலட் பத்திரமா இறக்கிட்டாங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு. கோளாறு எந்த மெஷின்லயும் வரும், அதுக்காக நான் கம்பெனியத் திட்டல. பேப்பர்ல பொய் எழுதுறதுதான் பயமா இருக்கு.

அப்புறம் 2025 நவம்பர் கூத்து. ஏர் இந்தியாவோட ஒரு ஏ320, ஏ.ஆர்.சி. முடிஞ்சு போச்சுன்னு தெரியாம (தெரியாமத்தான்னு நம்புவோம்) எட்டு தடவை பயணிகளோட பறந்திருக்கு. ஏ.ஆர்.சி.ங்கறது லாரிக்கு எஃப்.சி. மாதிரி, வருஷா வருஷம் விமானத்தையும் ரெக்கார்டையும் பார்த்துட்டு இது பறக்க லாயக்குன்னு கொடுக்குற சர்டிபிகேட். அதை யாரு புடிச்சாங்கன்னு நினைக்கிறீங்க? கம்பெனியே போய் டி.ஜி.சி.ஏ.கிட்ட சொல்லியிருக்கு. சொன்னப்புறம்தான் விமானத்தை நிறுத்துங்கன்னு உத்தரவு.

புடிக்க ஆளு இருந்தாத்தானே புடிப்பாங்க. டி.ஜி.சி.ஏ.ல 1,063 போஸ்டு ஒதுக்கியிருக்கு, 553 பேருதான் வேலைல இருக்காங்கன்னு 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட் நிலைக்குழுவே சொல்லிடுச்சு. கிட்டத்தட்ட பாதி காலி. அந்த அமைப்புக்கு முழு சுயாட்சி கொடுங்கன்னும் அதே குழு கேட்டுச்சு. 1934 விமானச் சட்டத்தைத் தூக்கிட்டு 2025 ஜனவரி 1லேருந்து புதுச் சட்டம் வந்துச்சு, ஆனா டி.ஜி.சி.ஏ. இன்னும் மந்திரி ஆபீஸுக்குக் கீழதான் கிடக்கு. விமானம் நிறைய விடணும், டிக்கெட் விலை குறையணும்னு ஓடுற அமைச்சகமே பாதுகாப்பையும் பார்த்துக்கும்னா, நெருக்கடி வர்றப்ப எது ஜெயிக்கும்?

கண்காணிக்கிறவங்க அசந்தா என்ன ஆகும்கறதுக்கு அமெரிக்காவுல ஒரு கேஸு இருக்கு. 2000 ஜனவரி 31, அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261, கலிபோர்னியா கரைக்குப் பக்கத்துல கடல்ல விழுந்து 88 பேரும் செத்தாங்க. வால்ல ஸ்டெபிலைசரை (விமானத்தோட மூக்கை மேல கீழ சாய்க்க உதவுற இறக்கை) ஏத்தி இறக்குற பெரிய ஸ்க்ரூ, அது மேல ஓடுற நட்டு, ரெண்டுக்கும் நடுவுல கிரீஸ் இல்லாம நட்டோட மரை முழுசா தேஞ்சு போச்சு. 1987ல 500 மணி நேரத்துக்கு ஒருக்கா கிரீஸ் போட்டுக்கிட்டிருந்தவங்க கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப்போட்டு 1996ல எட்டு மாசத்துக்கு ஒருக்கான்னு ஆக்கிட்டாங்க, அது கிட்டத்தட்ட 2,550 மணி நேரம். அங்கத்த டி.ஜி.சி.ஏ.வான எஃப்.ஏ.ஏ.வும் தலையாட்டியிருக்கு. விபத்தை விசாரிச்ச என்.டி.எஸ்.பி.ங்கற அமெரிக்க விசாரணை வாரியம் சும்மா விடல, இடைவெளிய நீட்டினதையும் அதுக்கு எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் கொடுத்ததையும் விபத்துக்குத் துணைக் காரணம்னு பேரு சொல்லியே எழுதிச்சு. அந்த ரிப்போர்ட்டை இன்னைக்கும் யாரு வேணா படிக்கலாம். அங்கத்த ஏர்லைன்ஸ்காரங்க எழுதி அனுப்புற கோளாறு ரிப்போர்ட்டைக் கூட இன்டர்நெட்ல தேடிப் பார்க்கலாம். நம்ம ஊர்லயும் ராத்திரி ஷிஃப்ட்ல நேர்மையா ஸ்னாக் எழுதுற ஏ.எம்.இ.ங்க (விமானப் பராமரிப்பு எஞ்சினியருங்க) இருக்காங்க, காலைல முதல் ஃப்ளைட் லேட் ஆகுதுன்னு அவங்களை நெருக்குறவங்க பேரு வெளிய வந்தாத்தான் அவங்களுக்கும் தெம்பு.

அதனால டி.ஜி.சி.ஏ. பண்ற ஒவ்வொரு சோதனைக்கும் ஏர்லைன்ஸ் பேரு, விமானத்தோட ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர், என்ன தப்பு, என்னைக்கு சரி பண்ணாங்கன்னு மாசா மாசம் வெப்சைட்ல போடணும். போட்டித் தகவல், கம்பெனி ரகசியம்னு சாக்கு சொல்லக் கூடாது, தேஞ்ச டயர்ல என்ன வியாபார ரகசியம் இருக்கு? லோக்சபாவுல நம்ம தமிழ்நாட்டு எம்.பி.ங்க 39 பேரு இருக்காங்க, அடுத்த கூட்டத்தொடர்ல யாராவது ஒருத்தர் இதை எழுத்துபூர்வமா கேளுங்க, காலி போஸ்டு எப்ப ரொம்பும்னு தேதியோட பதில் வாங்குங்க.

இப்படிக்கு,
திருச்சி வாசகர் ஒருவர்