காபிச் சக்கையும் ஆட்டுப் புழுக்கையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஒத்தக்கடையில் மழை இரண்டு தூறலோடு சரி. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா?

உன் ரோஜாத் தொட்டிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் குக்கர் சத்தத்துக்கு ஓடிவிடுகிறாய். எழுதி அனுப்பினால் சாவகாசமாகப் படிப்பாய்.

வீடியோவில் நீ போனைத் தொட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனபோது எனக்கு மண்ணே தெரியவில்லை. ஒரு விரல் கனத்துக்குக் காபிச் சக்கை காய்ந்து, ஏடு கட்டி, தொட்டியின் ஓரத்தை விட்டு விலகி நின்றது. அங்கங்கே வெள்ளையாகப் பூஞ்சணம். நீ சொம்புத் தண்ணீரை ஊற்றினாய். அது அந்த ஏட்டின் மேலேயே கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் ஓர இடுக்கு வழியாக இறங்கி அடித் தட்டுக்கு வந்துவிட்டது. தட்டு நிறைந்ததைப் பார்த்து "நல்லா குடிச்சிருச்சுப்பா" என்றாய். வேருக்குப் பாதிகூடப் போயிருக்காது. பூஞ்சணத்துக்குப் பயப்படாதே, அது சக்கையைத் தின்ன வந்தது, செடியை ஒன்றும் செய்யாது. கெடுதல் அந்த ஏடுதான். முதல் வேலையாக அதைக் கரண்டியால் வழித்தெடுத்து ஒரு பழைய டப்பாவில் போட்டு வை. குப்பையில் கொட்டிவிடாதே.

காபி புளிப்பு, ரோஜாவுக்குப் புளிப்பு மண் பிடிக்கும், அதனால்தான் போடுகிறேன் என்று சொன்னாய் அல்லவா? பின்னது உண்மை. கார அமில நிலை (pH; 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு) 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கிற மண்ணில் ரோஜா நன்றாக வரும். ஆனால் காபியில் இருக்கிற அமிலம் பெரும்பாலும் வெந்நீரில் கரைந்து டிகாஷனோடு இறங்கிவிடுகிறது. அதை நீங்கள் இரண்டு பேரும் குடித்துவிடுகிறீர்கள். ஃபில்டரில் தங்குகிற சக்கை கிட்டத்தட்ட நடுநிலைதான். நம் ஊர்த் தூளில் சிக்கரி வேறு கலந்திருக்கும். அதை வைத்து உங்கள் மேடவாக்கத்துப் போர்த் தண்ணீரின் உப்பை மாற்ற முடியாது.

உன் செடியில் தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதே, அது அந்தத் தண்ணீரால் வருவது. அந்த உப்பு சேர்ந்து மண் காரமாகிவிட்டால் இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மழை பெய்யும்போது மொட்டை மாடியில் இரண்டு வாளி வைத்துப் பிடி. அந்தத் தண்ணீரை ரோஜாவுக்கு மட்டும் ஊற்று. மண்ணில் மக்கிய எரு சேரச் சேர இந்த மஞ்சளும் மெதுவாகக் குறையும்.

சக்கையில் சத்தே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) 2 சதவீதம் போலத் தேறும். ஆனால் மக்கினால்தான் அது செடிக்குக் கிடைக்கும். பச்சையாக மண்ணில் கலந்தால், அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் ஏற்கெனவே இருக்கிற தழைச்சத்தையும் தங்களுக்கு இழுத்துக்கொள்ளும். செடி கொஞ்ச நாள் பட்டினி கிடக்கும். கஃபீன் மிச்சம் இருப்பதால் விதைக்கும் இளங்கன்றுக்கும் ஆகாது. நீ புதிதாக ஊன்றியிருக்கிற பன்னீர் ரோஜாக் குச்சிகள் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். இன்னொன்று, டம்ளரில் மிஞ்சுகிற பாலும் சர்க்கரையும் கலந்த காபியைத் தொட்டியில் ஊற்றுகிற பழக்கம் உனக்கு உண்டு. அது எறும்பைக் கூப்பிடும். எறும்பு வந்தால் மாவுப்பூச்சியும் அசுவினியும் கூடவே குடியேறும்.

ரோஜாவுக்குச் சோறு எருதான். சக்கை ஊறுகாய் அளவுக்கு இருந்தால் போதும்.

எருவில் எது நல்லது என்றால் நான் ஆட்டெரு பக்கம். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று உன் தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார், பலன் தெரிகிற காலத்தைத்தான். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மாட்டெருவை மக்கவைத்த தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். ஆட்டெருவில் 3 சதவீதம் வரை இருக்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 1, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 2. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அறுப்பு முடிந்த வயலில் ஆடு மேய்க்கிற கீதாரிகள் கிடை போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, வலை கட்டி, ராத்திரி வயலிலேயே படுக்கவைப்பார்கள். வயல்காரர் அதற்குக் கூலியோ நெல்லோ கொடுப்பார். புழுக்கை மட்டும் என்றால் மூட்டையில் வாங்கிக்கொண்டு போகலாம். மூத்திரமும் சேர்ந்து மண்ணில் இறங்க வேண்டும் என்பதற்குத்தான் கிடை. உனக்கு அந்த நாற்றம் பிடிக்காது, மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மா சேலைக்குள் போய்விடுவாய்.

தொட்டிக்குக் கிடை போட முடியாது, மூட்டைதான் வழி. புதுப் புழுக்கையை மட்டும் வைத்துவிடாதே. சூடு கிளம்பி வேரைச் சுட்டுவிடும். மக்கிவிட்டதா என்று பார்க்க ஒரு புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார். உள்ளே பச்சை கலந்த பழுப்பாக, வைக்கோல் துணுக்கு மாதிரி நார் நாராகத் தெரிந்தால் இன்னும் நாள் ஆக வேண்டும். கருப்பாக, நசுக்கியதும் பொடியாகி, ஆட்டு வாடையே இல்லாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மாட்டெரு வாங்கினால் கையை உள்ளே விட்டுப் பார். வெதுவெதுப்பு இருக்கக் கூடாது. வெள்ளை வெள்ளையாகக் கொழுத்த புழு சுருண்டு கிடந்தால் பொறுக்கி வெளியே போட்டுவிடு. காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் முட்டை வைக்கும். தொட்டிக்குள் போய்விட்டால் வேருக்கும் கெடுதல் வரலாம்.

இப்போது அந்த டப்பாச் சக்கைக்கு வருகிறேன். பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, எரு, காய்ந்த இலை, காய்கறித் தோல் என்று போட்டு, தினமும் ஃபில்டரில் இருப்பதையும் தட்டிவிடு. சக்கை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. வாரம் ஒரு தடவை கிளறிவிடு. சென்னை வெக்கைக்கு இரண்டு மூன்று மாதத்தில் மக்கிவிடும். அப்புறம் சக்கை எது எரு எது என்று உன்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

எரு வைக்கிற விதமும் இருக்கிறது. மேல்மண்ணை ஒரு அங்குலம் கொத்திவிட்டு, தண்டை ஒட்டாமல் ஓரமாக இரண்டு கைப்பிடி வைத்து, மண்ணால் மூடித் தண்ணீர் ஊற்று. ஒட்டுப் போட்ட முடிச்சு எருவுக்குள் புதையக் கூடாது. மாதம் ஒரு முறை போதும். சித்திரை, வைகாசியில் பாதியாகக் குறைத்துக்கொள். வயலில் ரோஜா போட்டவர்கள் கிளைகளை வெட்டிவிடுகிற கவாத்து முடிந்ததும் செடிக்கு 10 கிலோ தொழு உரம் வைப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுத் தொட்டியில் அள்ளிக் கொட்டாதே. எரு அதிகமானால் செடி தளதளவென்று இலையாக நிற்கும், மொட்டு வராது, இளந்தண்டில் அசுவினி அப்பிக்கொள்ளும். கவாத்தை ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு வைத்துக்கொள். எங்கே வெட்டுவது என்று அப்போது வீடியோவில் காட்டுகிறேன்.

நம் தெருக்கோடியில் ஆடு வைத்திருக்கிற வீட்டில் போன வருஷத்துப் புழுக்கை ஒரு மூட்டை சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா "கார்ல நாறும், மாப்பிள்ளை என்ன நினைப்பாரு" என்கிறாள். மக்கினது நாறாது என்று அவளிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. தீபாவளிக்கு வரும்போது டிக்கியில் இடம் விட்டு வாருங்கள். இரண்டு உரச்சாக்கு போட்டுக் கட்டித் தருகிறேன். உன் தொட்டிகள் எத்தனை அங்குலம் என்று அளந்து சொல், எவ்வளவு கட்டுவது என்று பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா