சருகும் சாம்பாரும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. மூத்தவளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். பதில் தாமதமானதற்கு முட்டி வலியைக் காரணம் சொல்லலாம் என்று பார்த்தேன். உண்மைக் காரணம் குப்பை. சிரிக்காதே. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது, "தாவரவியல்காரர்தானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று குப்பையில்லா வளாகத் திட்டத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் ஆறு மாதக் கதையைச் சொன்னால் மானம் போகும். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நேக் குழு வருகிறதென்று பச்சை, நீலம், சிவப்புத் தொட்டிகள் வாங்கி மரத்துக்கு மரம் வைத்தோம். மக்குவது, மக்காதது, அபாயமானது என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்ன 2016 திடக்கழிவு விதிகளைப் பெரிய பேனரில் அச்சடித்தும் மாட்டினோம் (பேனர் என்ன துணி என்று கேட்காதே). பிள்ளைகளும் ஓரளவு பார்த்துத்தான் போட்டார்கள். ஒருநாள் விடிகாலையில் நடக்கப் போனேன். துப்புரவு அக்கா மூன்று தொட்டியையும் ஒரே தள்ளுவண்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏன் அக்கா என்றேன். "எனக்கு ஒரு வண்டிதானே சார் குடுத்திருக்கீங்க" என்றார். கூட்டம் கூட்டமாகப் பேசினோமே, அதில் ஒன்றுக்காவது அவரைக் கூப்பிட்டோமா?

அடுத்தது உரக்குழி. விடுதி மெஸ்ஸின் மிச்சச் சோறும் சாம்பாரும் காய்கறித் தோலும் அப்படியே குழிக்குள் போயின. பத்தே நாளில் புழு, நாற்றம். பெண்கள் விடுதி வார்டன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் செய்தார். இத்தனைக்கும் உரக்குவியலில் கரிமம் நைட்ரஜன் விகிதம் 30க்கு 1 இருக்க வேண்டும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். மெஸ் கழிவில் ஈரம் அதிகம், கரிமம் போதாது. காற்றுப் போக வழியில்லாமல் அது அழுகும். காய்ந்த சருகைக் கலந்தால் சரியாகிவிடும். சருகுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே மைதானத்துப் பக்கம் போனால், தோட்டக்காரர் தூங்குமூஞ்சி மரத்துச் சருகை எல்லாம் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்துக்கொண்டிருக்கிறார்! வளாகத்தின் ஒரு மூலையில் புகை, இன்னொரு மூலையில் நாற்றம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்று தெரியாமல் எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

இப்போது ஒரு அடுக்கு சருகு, ஒரு அடுக்கு மெஸ் கழிவு, மேலே புளித்த மோரும் சாணிக் கரைசலும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். குவியல் நடுவே ஒரு கம்பியைச் செருகி வைத்திருக்கிறோம். உருவித் தொட்டால் கை சுட வேண்டும். உள்ளே 55, 60 டிகிரி இருந்தால்தான் கிருமியும் களை விதையும் சாகும். தோட்டக்காரர் தினமும் கம்பியைத் தொட்டுப் பார்த்து "இன்னிக்கு நல்ல காய்ச்சல் சார்" என்பார். என் முப்பது வருஷப் பாடத்தை அவர் ஒரே வார்த்தையில் நடத்திவிட்டார்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் தராசுதான். தட்டு கழுவும் இடத்தில் ஒரு தராசு வைத்து, அன்றைக்குக் கொட்டிய சோற்றின் எடையைப் பலகையில் எழுதச் சொன்னோம். திட்டு, அபராதம் எதுவும் கிடையாது. பொங்கல் போட்ட காலையில்தான் எண் எகிறும். பார்த்தால் குற்றம் பிள்ளைகள்மேல் இல்லை, கரண்டிமேல்! பரிமாறுகிற கரண்டியைச் சின்னதாக்கி, வேண்டுமென்றால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்றதும் எடை இறங்கிவிட்டது.

எல்லாம் ஜெயித்துவிட்டது என்று நினைக்காதே. டீ கப் காகிதம்தானே என்று கேன்டீன்காரர் இன்னும் வாதாடுகிறார். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான் 1.1.2019 தமிழக பிளாஸ்டிக் தடைப் பட்டியலிலேயே அது இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எவர்சில்வர் டம்ளர் வாங்கிக் கொடுத்தோம். அதில் பாதி, விடுதி அறைகளுக்குக் குடிபோய்விட்டது. சிப்ஸ் பாக்கெட்டைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடக்கூட மாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பார்சல் தனிப் புராணம். பெண்கள் விடுதியின் நாப்கின் எரிக்கும் பெட்டியைப் பார்த்தால் எனக்கே பயம். நாப்கினிலும் பிளாஸ்டிக் இருக்கிறது; சரியான வெப்பம் இல்லாமல் அதை எரித்தால் நச்சுப் புகைதான் வரும் என்று உனக்கே தெரியும். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. உலக அளவில்கூடக் குப்பைமேட்டுக்கும் எரிப்புக்கும் போகாமல் 90 சதவீதத்தைத் தடுத்தாலே 'ஜீரோ' என்று ஒப்புக்கொள்கிறார்கள். நாங்கள் பாதிக் கிணறு தாண்டினோமா என்பதே சந்தேகம். அதனால் நுழைவாயிலில் எழுதச் சொன்ன 'குப்பையில்லா வளாகம்' பலகையை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு இரண்டாவது வண்டி வந்துவிட்டது. மூன்றாவதற்குக் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது.

அப்புறம், உன் மாடித் தோட்டத்துக்கு ஒரு மூட்டை உரம் சலித்துக் கட்டி வைத்திருக்கிறேன். மழை விட்ட மண் வாசனைதான் வரும், பயப்படாதே. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கார் டிக்கியில் இடம் விட்டுக்கொண்டு வா. சாக்கை மட்டும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்