வளைகுடா செல்லும் உறுப்பினர்களின் கவனத்திற்கு

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். விடுமுறை முடிந்து திருவனந்தபுரம் வழியாக வேலைக்குத் திரும்புவோர், பெட்டி கட்டும் முன்பே இதனைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும். லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பிடித்தால், பயணிகள் அறையில் உடனே அணைக்கலாம், சரக்கு அறையில் அது இயலாது. 100 வாட்-மணி வரை, அதாவது ஏறத்தாழ 27,000 எம்.ஏ.எச். வரை, தனி அனுமதி தேவையில்லை.

வீட்டில் ஆசையோடு கொடுத்தனுப்பும் மாங்காய் ஊறுகாயைச் செக்-இன் பெட்டியில் கசியாதபடி கட்டி வையுங்கள். நேந்திரங்காய் சிப்ஸுக்குத் தடையில்லை. ஆனால் கொப்பரைத் தேங்காய், எண்ணெய்ச் சத்தினால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால், அதனை அடியோடு தவிர்த்துவிடுங்கள். மசாலாப் பொருள்களுடன் கசகசா ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. வலி மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு அவசியம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, எவ்வளவு நெருங்கியவர் தந்தாலும், பிரித்துப் பார்க்காத பொட்டலத்தை வாங்காதீர்கள். உங்கள் பெட்டியில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு.

வழியில் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை சாலை நெரிசலைக் கணக்கில் கொண்டு, மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தை அடையுங்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆறாட்டு (சுவாமி கடலில் நீராடும் விழா) நாள்களில் ஊர்வலத்திற்காக ஓடுபாதை சில மணி நேரம் மூடப்படும் என்பதால், அன்று பயணிப்போர் விமான நேரத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

— குழு நிர்வாகிகள்